இரண்டு ஏஸ் வைத்திருந்தும் 9-4 காரனிடம் தோற்றேன்: பெரிய ஜோடியை எப்படி ஆடுவது, எப்போது எழுவது?

லிந்தாங்_பையன்

வணக்கம் அண்ணன்மாரே, அக்காமாரே. இங்கே சீட்டு ஆடுகிறவர்கள் கொஞ்சப் பேர் இருக்கிறீர்கள் என்று பழைய பதிவுகளில் பார்த்தேன், அதனால்தான் துணிந்து கேட்கிறேன். வயது 27, ஊர் சுங்கை சிப்புட், ஈப்போ பக்கம் ஒரு தொழிற்சாலையில் டெக்னீஷியன். எட்டு மாதமாக போனில் போக்கர் ஆடுகிறேன். ஏஜெண்டிடம் காசு கட்டி சில்லு வாங்கி ஆடுகிற ஆப், பெயர் வேண்டாம். ஆளுக்கு இரண்டு சீட்டு, நடுவில் எல்லாருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு. ஆறு பேர் மேசை, பிளைண்ட் (சீட்டு வருமுன்னே இரண்டு பேர் கட்டாயமாகப் போடும் காசு) 50 காசு, 1 வெள்ளி (ரிங்கிட்), உட்காரும்போது 100 வெள்ளி.

போன வியாழன் ராத்திரி 11:40. முதல் ஆளாகப் பேச வேண்டிய இடத்தில் இருக்கிறேன், கையில் இஸ்பேடு ஏஸும் ஆர்ட்டின் ஏஸும். உடனே ஏற்றினால் எல்லாரும் ஓடிவிடுவார்கள், அப்புறம் பிளைண்டில் கிடக்கிற ஒன்றரை வெள்ளிதான் மிஞ்சும் என்று பயந்து, சும்மா 1 வெள்ளி மட்டும் போட்டுப் பதுங்கினேன், பின்னால் யாராவது ஏற்றினால் மொத்தமாகப் பாயலாம் என்று கணக்கு. ஒருவனும் ஏற்றவில்லை. ஆளாளுக்கு 1 வெள்ளி போட்டு, என்னோடு சேர்த்து ஐந்து பேர் உள்ளே வந்துவிட்டோம்.

ஃப்ளாப்பில், அதாவது முதலில் திறக்கும் மூன்று பொதுச் சீட்டில், 9, 8 இரண்டும் கிளாவர், கூடவே டைமன் 4. நான் 5 வெள்ளி போட்டேன், இரண்டு பேர் கூட வந்தார்கள். அடுத்த சீட்டு ஆர்ட்டின் ராஜா. 15 போட்டேன். பிக் பிளைண்டில் (அந்தக் கட்டாய 1 வெள்ளி போட்ட இடம்) இருந்தவன் 45 என்று ஏற்றினான், இன்னொருவன் சீட்டைப் போட்டுவிட்டான். நான் யோசிக்கவே இல்லை, இருந்ததை எல்லாம் தள்ளினேன். நடுவில் சேர்ந்த பாட் 208 வெள்ளி. அவன் திறந்து காட்டியது 9-4. ஒன்பதும் நாலும்! அதை வைத்துக்கொண்டு எந்த மனிதன் ஆடுவான்? கடைசிச் சீட்டு ஒன்றுக்கும் உதவாத 2.

அதற்கப்புறம் பெரிதாக ஒன்றும் இல்லை, இன்னும் நாலு தடவை 100 போட்டேன், 3:15-க்குப் படுத்தேன், 5:50-க்கு ஃபேக்டரி பஸ். மொத்தம் 500 போயிற்று.

என் நினைவில் உள்ள கடைசி ஆறு ஏஸ் ஜோடியில் நாலு தோற்றிருக்கிறேன். ஆப்பே ஏமாற்றுகிறதா? ஏஸ், ராஜா, ராணி ஜோடி வந்தால் உடையாமல் எப்படி ஆடுவது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். எப்போது எழுந்து போக வேண்டும் என்பதையும் முடிந்தால் சொல்லுங்கள், ஆனால் முதல் கேள்விதான் முக்கியம்.

கோப்பி_ஓ

தம்பி, நான் பத்து வருடம் ஆடியவன், இப்போது மாதத்துக்கு ஒன்றிரண்டு தடவை நண்பர்களோடு, அதுவும் சில்லறைக்கு. முதல் கேள்வியிலிருந்து வருகிறேன்.

ஏஸ் ஜோடி என்றால் என்ன? ஒரு ஜோடி. அவ்வளவுதான். ஃப்ளாப் விழுவதற்கு முன்னால் அதற்கு மிஞ்சிய கை கிடையாது, விழுந்த பிறகு ஏதோ ஒரு இரண்டு ஜோடி வந்தால் போதும், அது கீழே போய்விடும். எதிரில் ஒரே ஒருவன், அவன் கையில் ஏதோ ஒன்று, ஐந்து சீட்டும் விழும்வரை போகிறீர்கள் என்றால் நீ நூற்றுக்கு 85 தடவை ஜெயிப்பாய். இரண்டு பேர் என்றால் 73. மூன்று பேர் 64. நீ பதுங்கியதால் எத்தனை பேர் வந்தார்கள்? நாலு பேர். 56. ஆக நீயே கூப்பிட்டு உட்காரவைத்து, உன் பங்கில் முப்பதை அவர்களுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டு, 9-4 ஏன் ஆடினான் என்று கேட்கிறாய். அவன் ஆடவே இல்லை தம்பி. பிளைண்டில் அவன் 1 வெள்ளி ஏற்கெனவே கிடந்தது, நீ ஏற்றாததால் ஃப்ளாப்பைச் சும்மா பார்த்தான். நீ 4 வெள்ளி, 5 வெள்ளி என்று ஏற்றியிருந்தால் பெரும்பாலும் போட்டுவிட்டுப் போயிருப்பான். போகாமல் 9-4-ஐத் தூக்கிக்கொண்டு வந்தால் இன்னும் நல்லது, எட்டுக்கு ஏழு தடவை அந்தக் காசு உனக்குத்தான்.

எல்லாரும் ஓடிவிடுவார்கள் என்ற பயம் இருக்கிறதே, அதுதான் புதியவர்களின் பணத்தைத் தின்கிறது. 221 கைக்கு ஒரு முறைதான் ஏஸ் ஜோடி வரும். போனில் மணிக்கு 70 கை வருகிறது என்று வை, மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை. மூன்று மணி நேரம் காத்திருந்து ஒன்றரை வெள்ளியா என்று வயிறு எரியும். எரியட்டும், பரவாயில்லை.

அடுத்தது டர்ன், அந்த நாலாவது பொதுச் சீட்டு. உண்மையான தப்பு அங்கேதான். அதுவரை வாயைத் திறக்காமல் கூடவே வந்தவன், ராஜா விழுந்ததும் உன் 15-க்கு 45 என்கிறான். இந்த 1 வெள்ளி மேசையில் அப்படி ஏற்றுகிறவன் கையில் ஒற்றை ஜோடி இருப்பது அபூர்வம். அப்போது உன்னிடம் 79 மிச்சம் இருந்தது. அதைக் காப்பாற்றிக்கொண்டு போயிருக்கலாம். தள்ளிய நேரத்தில் உன்னைக் காப்பாற்றக்கூடிய சீட்டு இரண்டு ஏஸ், மூன்று ராஜா, மூன்று 8, ஆக எட்டு. பார்க்காத சீட்டு 44. நூற்றுக்கு 18 தடவை. ஏஸ் ஜோடி என்ற பெயர்தான் உன்னைத் தள்ளவைத்தது. அதே இடத்தில் உன் கையில் K-10 இருந்திருந்தால் ஒரு நிமிடமாவது யோசித்திருப்பாய்.

ஆப் ஏமாற்றுகிறதா என்று எனக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் ஆறு கையை வைத்து எவனாலும் சொல்ல முடியாது. நாலு பேரை உள்ளே விட்டுக் கடைசி வரை போகிறவன் ஆறில் நாலோ அதற்கு மேலோ தோற்பது ஏறக்குறைய நாலு பேரில் ஒருவனுக்கு நடக்கும். உனக்கு நடந்தது.

இனி உன் இரண்டாவது கேள்வி. உன் பதிவைத் திரும்பப் படித்துப் பார். 100 வெள்ளி போன கதைக்கு இரண்டு பத்தி, எந்தச் சீட்டு எந்தப் பூ என்பது வரை எழுதியிருக்கிறாய். அடுத்த 400 வெள்ளிக்கு "பெரிதாக ஒன்றும் இல்லை" என்று ஒரே வரி. அந்த மூன்றரை மணி நேரத்தில் என்னென்ன கை ஆடினாய், ஒன்றாவது சொல்ல முடியுமா?

ஆல்இன்_அப்பு

அண்ணே ரொம்பப் பாடம் நடத்துகிறார். தம்பி, எளிய வழி சொல்கிறேன். ஜாக்கியோ அதற்கு மேலோ ஜோடி வந்தால் ஃப்ளாப்புக்கு முன்னாலேயே ஆல் இன், இருப்பதெல்லாம் உள்ளே, தலைவலி முடிந்தது. அப்புறம் இந்த "எப்போது எழுவது" எல்லாம் பயந்தவர்கள் பேச்சு. மேசையில் 9-4 ஆடுகிற ஆள் உட்கார்ந்திருக்கும்போது எழுந்து போகிறவன் முட்டாள். கிரிஸ் மணிமேக்கர் என்ற அமெரிக்கர் 86 டாலர் ஆன்லைன் போட்டியில் ஆரம்பித்து 2003 போக்கர் உலகத் தொடரில் 25 லட்சம் டாலர் அடித்தார், அவர் எழுந்து போயிருந்தால்?

கோப்பி_ஓ

அப்பு, அந்த 2003 கதையை முழுசாகச் சொல்லுங்கள். 839 பேர் கலந்துகொண்டார்கள், 838 பேர் எழுந்துதான் போனார்கள், ஒருவர் பெயர்தான் உங்களுக்கு ஞாபகம் இருக்கிறது. அதைவிட, கடைசிக் கை என்ன தெரியுமா? மணிமேக்கர் கையில் 5-4. எதிரில் ஃபார்ஹா கையில் ஜாக்கியும் 10-ம். ஃப்ளாப்பில் ஜாக்கி, 5, 4. மேல் ஜோடி கிடைத்துவிட்டது என்று ஃபார்ஹாவின் சில்லு எல்லாம் உள்ளே போயிற்று, சின்ன இரண்டு ஜோடி அதைத் தின்றது. நம் லிந்தாங் தம்பிக்கு நடந்ததும் அதேதான், என்ன, அங்கே லாஸ் வேகாஸ், இங்கே சுங்கை சிப்புட் வீட்டு முன்கூடம்.

ஜாக்கி ஜோடியை 100 வெள்ளிக்குத் தள்ளினால் உங்களைவிடக் கீழே இருக்கிறவன் எல்லாம் போய்விடுவான், மேலே இருக்கிறவன் மட்டும் நிற்பான். ஒன்றரை வெள்ளிக்காக நூறை நீட்டுவது கெட்டிக்காரத்தனமா?

சனிக்கிழமை_மட்டும்

ஏஸ் பரவாயில்லை, எனக்கு ராஜா ஜோடிதான் எமன். வந்தால் ஃப்ளாப்பில் ஏஸ் விழும், எப்போதும் விழும். இப்போது ராஜா ஜோடி வந்தாலே எவனிடமோ ஏஸ் ஜோடி இருக்கும் என்று கை நடுங்குகிறது, இரண்டு தடவை ஃப்ளாப்புக்கு முன்னாலேயே போட்டுவிட்டேன்.

கோப்பி_ஓ

எப்போதும் விழாது. கையில் ராஜா ஜோடி இருக்கும்போது ஃப்ளாப்பில் ஒரு ஏஸாவது விழுவது நூற்றுக்கு 22, 23 தடவை. விழாத மற்ற 77 தடவை உங்களுக்கு ஞாபகத்தில் இல்லை, ஏனென்றால் அப்போது வலிக்கவில்லை. ராணி ஜோடி என்றால் ஏஸோ ராஜாவோ விழுவது 41. ஜாக்கி ஜோடிக்கு மேல் சீட்டு விழுவது 57, அதாவது விழாவிட்டால்தான் ஆச்சரியம். அதனால்தான் ஜாக்கி ஜோடியை ஏஸ் மாதிரி நினைத்து ஆடுகிறவன் அழுகிறான். ஏஸ் விழுந்தால் ஒரு தடவை மிதமாகப் போட்டுப் பாருங்கள், கூட வருகிறானா, திருப்பி ஏற்றுகிறானா என்று பாருங்கள், ஏற்றினால் விட்டுவிடுங்கள். அதில் மானக்கேடு ஒன்றும் இல்லை.

ஆனால் ஃப்ளாப்புக்கு முன்னால் ராஜா ஜோடியைப் போடாதீர்கள். ஆறு பேர் மேசையில் உங்களிடம் ராஜா ஜோடி இருக்கும்போது மற்ற ஐந்து பேரில் ஒருவனிடம் ஏஸ் ஜோடி இருப்பது நாற்பது தடவைக்கு ஒரு தடவை. அந்த ஒரு தடவையில் காசு போகும். போகட்டும்.

இன்னொன்று. ஏஸும் ராஜாவும் மோதினால் ஏஸ் 82 சதவீதம். அதே மோதல் மூன்று தடவை நடந்து மூன்றிலும் ஏஸ் நிற்பது 55 சதவீதம்தான், ஏறக்குறைய காசு சுண்டுவது மாதிரி. சரியாக ஆடினாலும் உடையும். உடையாமல் ஆடுவது எப்படி என்று யாராவது காசு வாங்கிக்கொண்டு சொல்லித்தந்தால் ஓடிவிடுங்கள்.

பழைய_கிராணி

எனக்கு வயது 71. லிந்தாங் சாலை ரப்பர் தோட்டம் ஒன்றில் கிராணியாக (கணக்கு எழுதுபவர்) இருந்து ஓய்வு பெற்றவன். போக்கர் தெரியாது, ரம்மியும் மூணு சீட்டும் பார்த்திருக்கிறேன், கொஞ்சம் ஆடியும் இருக்கிறேன், இப்போது மறைத்து என்ன ஆகப்போகிறது.

எங்கள் தோட்டத்தில் சம்பள நாள் என்றால் லயத்துக்குப் பின்னால் சீட்டு நடக்கும். சாக்கை விரித்து உட்காருவார்கள். இரவு பத்துக்கு ஜெனரேட்டர் நின்றுவிடும், அதற்கப்புறம் அரிக்கன் விளக்கு. மண்ணெண்ணெய் தீர்ந்தால் ஆட்டம் நிற்கும். யாராவது ஒருவரின் மனைவி விளக்குமாற்றோடு வந்தால் நிற்கும். எல்லாவற்றையும் தாண்டி விடிய விடிய ஆடினாலும் ஐந்து மணிக்குப் பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்பு) தட்டிவிடுவார்கள், போய் நிற்காவிட்டால் அன்றைய பேர் விழாது, பேர் எழுதுகிறவன் நான்தான். ஜெயித்தவன், தோற்றவன் இரண்டு பேரும் பால் சுமக்கும் அதே காண்டா வாளியைத் தோளில் போட்டுக்கொண்டு மரத்துக்குப் போவார்கள். தோற்றவன் அன்றைக்கு மரத்தைக் காயப்படுத்திவிடுவான், கத்தி பட்டையைத் தாண்டிப் போய்விடும், அதை வைத்தே கங்காணி யார் தோற்றவன் என்று சொல்லிவிடுவார்.

அவர்கள் எல்லாம் கட்டுப்பாடு உள்ளவர்கள் என்று சொல்ல வரவில்லை. சிலர் தாலிவரை போனார்கள். ஆனால் வெளியிலிருந்து ஏதாவது ஒன்று வந்து நிறுத்தும். தம்பி, உன் போனை எது நிறுத்துகிறது? சார்ஜ் தீர்ந்தால் வயரைச் செருகிக்கொண்டு ஆடுவாய் இல்லையா? ஏளனமாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

இன்னொரு கேள்வி, பழைய தொழில் புத்தி. அந்த 500 எங்கிருந்து வந்தது?

லிந்தாங்_பையன்

ஐயா, நீங்கள் கேட்ட விதத்தில் பொய் சொல்ல மனம் வரவில்லை. முதல் 200 சம்பளத்தில் மிச்சம். அடுத்த 300 இபிஎஃப் (தொழிலாளர் சேமநிதி) மூன்றாவது கணக்கு, வேண்டும்போது எடுக்கக்கூடிய அக்காவுன் ஃப்ளெக்சிபெல். முன்பே எடுத்து வாலட்டில் வைத்திருந்தேன், மோட்டார் டயர் மாற்ற. சார்ஜ் விஷயமும் சரி. கட்டில் ஓரத்தில் வயர் இருக்கிறது, குப்புறப் படுத்துக்கொண்டு ஆடுவேன்.

கோப்பி_ஓ அண்ணே, நீங்கள் கேட்டது ராத்திரி முழுக்க மண்டையில் ஓடியது. அந்த மூன்றரை மணி நேரத்தில் ஒரே ஒரு கைதான் ஞாபகம் வருகிறது. 10-7 வைத்துக்கொண்டு அந்த 9-4 காரன் ஏற்றியதற்கு ஆல் இன் போனேன். அவனை அடிக்க வேண்டும் என்பது மட்டும்தான் மனதில் இருந்தது. அவன் இன்னொரு மேசைக்குப் போனான், நானும் பின்னாலேயே போனேன். எழுதும்போதே வெட்கமாக இருக்கிறது.

எங்கள் அப்பா புதன், சனி, ஞாயிறு நாலு நம்பர் லாட்டரி எழுதுவார், ஒரு தடவைக்கு 4 வெள்ளி, அம்மா அதற்கே சத்தம் போடுவார். ராத்திரி ரிசல்ட் வந்துவிட்டால் அப்பாவால் அதற்குமேல் தோற்க முடியாது. ஐயா சொன்ன பிறகுதான் அது உறைத்தது.

பழைய_கிராணி

மாதச் சம்பளம் 2,300 என்று வைத்துக்கொள்வோம், கூடக்குறைய இருக்கலாம். உன் 11 சதவீதம், முதலாளியின் 13 சதவீதம், சேர்த்து 24. அது 552 வெள்ளி. அதில் பத்தில் ஒரு பங்குதான் அந்த மூன்றாவது கணக்குக்குப் போகிறது, 55 வெள்ளி சொச்சம். நீ டயருக்கென்று எடுத்து ஒரே ராத்திரியில் விட்ட 300 என்பது ஐந்தரை மாதம். வாலட்டில் போன காசு, வந்த காசு எல்லாம் பதிவாகி இருக்குமே, எட்டு மாதத்தையும் ஒரு தாளில் எழுது. பேனாவால் எழுது. திரையில் பார்த்தால் உறைக்காது.

பின்வீட்டு_அக்கா

எனக்கு இந்த விளையாட்டில் எது பெரிய சீட்டு என்றுகூடத் தெரியாது, ஆனால் இதைப் படித்துவிட்டுச் சும்மா போக முடியவில்லை.

என் வீட்டுக்காரர் செம்பனைக் குலை ஏற்றுகிற லாரி ஓட்டுகிறார். இரண்டு வருடத்துக்கு முன்னால் கழிவறைக்குப் போனால் முக்கால் மணி நேரம். கதவுக்கு அடியில் நீல வெளிச்சம் தெரியும். சத்தத்தை அடக்கிவிடுவார், ஆனால் கட்டைவிரல் கண்ணாடியில் படுகிற டொக் டொக் வெளியே கேட்கும். கொஞ்ச நாளில் எனக்கே பழகிவிட்டது. விட்டு விட்டுத் தட்டினால் கையில் ஏதோ நல்லது வந்திருக்கிறது, படபடவென்று தட்டினால் தோற்றுக்கொண்டிருக்கிறார். அந்தப் படபட சத்தம் கேட்கும்போது கூப்பிட்டால் "ஒரு கை, ஒரே கை" என்பார். மாதக்கணக்கில் அதே ஒரே கை.

பிள்ளையின் பள்ளி பஸ் காசு இரண்டு மாதம் கட்டவில்லை என்று பஸ்கார அங்கிள் சொல்லித்தான் எனக்கு விஷயம் முழுசாகத் தெரிந்தது. இப்போது ஏடிஎம் அட்டை என்னிடம். வாலட்டும் என் நம்பரில். அவருக்கு நாளைக்கு 15 வெள்ளி. திருந்திவிட்டார் என்று சொல்ல வரவில்லை, கழிவறைக்குப் போனை எடுத்துக்கொண்டு போவதில்லை, அவ்வளவுதான். சண்டை இன்னும் இருக்கிறது, போன வாரம்கூட ஒன்று.

தம்பி, உங்கள் அம்மாவுக்குத் தெரியுமா?

ஆல்இன்_அப்பு

அக்கா சொன்னது வேறு விஷயம், அது நோய். நல்லா ஆடுகிறவனுக்கு நஷ்ட வரம்பு என்று ஒன்று தேவையில்லை என்பதுதான் என் கருத்து. மேசை நன்றாக இருந்தால் எத்தனை தோற்றாலும் இருக்க வேண்டும், ஒரு ராத்திரி என்பது கணக்கே இல்லை, எல்லாம் ஒரே நீண்ட ஆட்டம்தான்.

கோப்பி_ஓ

ஏட்டில் நீங்கள் சொல்வது சரி. சீட்டுக்கு மணி தெரியாது, நேற்றுத் தோற்றோமா என்பதும் தெரியாது. ஆனால் ஆடுகிறவனுக்குத் தெரியுமே. 10-7 வைத்துக்கொண்டு ஒருவனைத் துரத்தித் துரத்தி ஆல் இன் போகிறவன் 11:40-க்கு இருந்த அதே ஆள்தானா? நீண்ட ஆட்டம் என்பது எப்போதும் ஒரே மாதிரி ஆடுகிறவனுக்கு. அப்படி ஒருவனை இன்னும் நான் பார்க்கவில்லை, என்னையும் சேர்த்துத்தான்.

நான் ஆடிய காலத்தில் வைத்திருந்தது இது. இரண்டு தடவை 100 போய்விட்டால் அன்றைக்கு முடிந்தது, மூன்றாவது தடவைக்கு வாலட்டிலேயே காசு இருக்காது. ஆட்டத்துக்கென்று தனியாக 20, 30 தடவை உட்காரும் காசு இருந்தால்தான் அந்த மேசை, அதாவது 100 வெள்ளி மேசைக்கு 2,000 வெள்ளியாவது, அதுவும் போனால் வீட்டில் அரிசி நிற்காத காசு. இல்லையென்றால் 10 வெள்ளி மேசைக்குப் போ. அங்கே ஆட உனக்கு வெட்கமாக இருந்தால் நீ ஆடுவது சீட்டுக்காக இல்லை.

ஜெயிக்கும்போது எப்போது எழுவது என்று யாரும் கேட்பதில்லை பாருங்கள். எனக்கு அதுதான் கஷ்டமாக இருந்தது. 300 மேலே இருந்தால் தூக்கம் வராது, இரண்டு மணிக்கு அந்த 300-ஐத் திருப்பிக் கொடுத்துவிட்டுத்தான் நிம்மதியாகத் தூங்குவேன். கிறுக்குத்தனம்தான்.

கேடிஎம்_கடைசிப்பெட்டி

எல்லாரும் சதவீதம் பேசுகிறீர்கள், ஒருவரும் இதைச் சொல்லவில்லை. நம் நாட்டில் இந்த ஆப் எதற்கும் உரிமம் கிடையாது. 1953-ஆம் ஆண்டுப் பொதுச் சூதாட்ட வீடுகள் சட்டம் இன்னும் அமலில் இருக்கிறது. உரிமம் உள்ள கசினோ கெந்திங் மலையில் ஒன்றுதான், அங்கேயும் 21 வயது ஆகாதவர்களுக்கும் முஸ்லிம்களுக்கும் அனுமதி இல்லை. ஏஜெண்ட் நாளைக்குப் போனை அணைத்துவிட்டால் காவல் நிலையத்தில் என்ன என்று புகார் எழுதுவாய்? தம்பி, ஆப்பில் மிச்சம் ஏதாவது இருந்தால் முதலில் அதை வெளியே எடு. எடுக்கும்போது அவன் எத்தனை நாள் இழுக்கிறான் என்று பார்.

அப்புறம் ராத்திரியில் மண்டை வெடிக்கிற மாதிரி இருந்தால் பிஃப்ரெண்டர்ஸ் (மனக்கஷ்டத்தைக் காதுகொடுத்துக் கேட்கும் தொண்டு அமைப்பு) எண் 03-7627 2929, 24 மணி நேரமும் எடுப்பார்கள். வெட்கப்பட ஒன்றும் இல்லை, நானும் ஒரு தடவை கூப்பிட்டேன், வேறு விஷயத்துக்கு.

லிந்தாங்_பையன்

இரண்டு வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும்.

ஆப்பில் 140 வெள்ளி கிடந்தது. ஏஜெண்டிடம் கேட்டேன். "நாளைக்கு பாஸ்", "சிஸ்டம் மெதுவாக இருக்கிறது பாஸ்" என்று நாலு நாள் இழுத்து 130 போட்டான், 10 வெள்ளி சேவைக் கட்டணமாம். காசு கட்டும்போது இரண்டு நிமிடத்தில் சில்லு வரும்.

ஐயா சொன்ன மாதிரி பேனாவால் எழுதினேன். அம்மாவின் சாமான் சீட்டு நோட்டின் பின்பக்கத்தில். எட்டு மாதத்தில் கட்டியது 4,150. வெளியே எடுத்தது, இந்த 130-ம் சேர்த்து, 1,380. அப்புறம் ஒரு யோசனை வந்தது, ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் மணியை எழுதினேன். நள்ளிரவு 12-க்குப் பிறகு கட்டியது மட்டும் 2,900. கூட்டிக் கழித்துப் பார்த்தால் நான் தோற்ற மொத்தமே 2,770 தான். ஏஸ் ஜோடி உடைந்து போன காசு எவ்வளவு என்று நினைவிலிருந்து எழுதிப் பார்த்தேன், நாலு தடவையும் சேர்த்து 290.

அந்தத் தாளை மடித்து வைக்க மறந்து சாப்பாட்டு மேசையிலேயே விட்டுவிட்டேன். அம்மா பார்த்துவிட்டார். ஒன்றும் கேட்கவில்லை. காலையில் நோட்டு சாமி மாடத்தில் இருந்தது, விபூதித் தட்டுக்குக் கீழே. அதைவிட நாலு அடி அடித்திருக்கலாம்.

இந்த இரண்டு வாரமும் ஆடவில்லை. ஆப்பை இன்னும் அழிக்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். இப்போது மணி 11:20, கொஞ்ச நேரத்துக்கு முன்னால் ஏஜெண்டிடமிருந்து வாட்ஸ்அப் வந்தது, "பாஸ் ரொம்ப நாளாகக் காணோம், உங்களுக்கு 50 வெள்ளி சில்லு இலவசம், இன்று இரவு மட்டும்" என்று. பதில் போடவில்லை. உங்களிடம் சொல்லலாம் என்று இங்கே வந்தேன்.

பின்வீட்டு_அக்கா

அந்த நம்பரை பிளாக் பண்ணு தம்பி. பண்ணிவிட்டு வந்து எழுது, நான் இங்கேதான் இருக்கிறேன்.

லிந்தாங்_பையன்

பண்ணிவிட்டேன் அக்கா. ஆப்பையும்.

சனிக்கிழமை_மட்டும்

எனக்கும் அதே செய்தி வந்திருக்கிறது, அதே 50 வெள்ளி, அதே "இன்று இரவு மட்டும்". இது எனக்கு மூன்றாவது வாரம்.